சாவு வீட்டுக்கு முதல் தண்ணீர்

இன்று ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டது. மாரிக்குப்பத்தில் ஏறுகிறவர்கள் எல்லா ஜன்னலையும் பிடித்துக்கொள்வதால், அடுத்து சாம்பியன் ஸ்டேஷனில் ஏறுகிற எனக்கு அந்தப் பாக்கியம் எப்போதாவதுதான் வாய்க்கும். ஆகையால் கையெழுத்து ஓரளவு படிக்கும்படி இருக்கும், சௌந்தரராஜன் அண்ணா. பங்காரப்பேட்டை தாண்டினால் வண்டி குலுக்கும். அப்போது கொஞ்சம் கோணலாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்றுக் கமிட்டி அறையில் நீங்கள் கேட்டதற்கு அங்கேயே வாயால் பதில் சொல்லியிருப்பேன். அமலா டீச்சர்தான், "எழுதிக் குடு ராகுலா. வாயில சொன்னா நீ ஆளுக்கு ஒரு விதமா சொல்லுவ" என்றார். டீச்சர் என்னை ஐந்தாம் வகுப்பிலிருந்து பார்க்கிறவர், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். கேட்டது இரண்டே கேள்வி. அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்த கூத்துக்கு லவினா காரணமா இல்லையா? அவளுடைய பழைய ப்ரோக்ராமைத் திரும்ப வைப்பதா, என்னுடையதையே வைத்துக்கொள்வதா? இரண்டுக்கும் ஒளிவுமறைவில்லாமல் எழுதிவிடுகிறேன்.

புதிதாகக் கமிட்டிக்கு வந்தவர்களுக்காக ஆரம்பத்திலிருந்து வருகிறேன். சுரங்கக் காலத்தில் வரிசையாகக் கட்டிய நம் லைன் வீடுகளுக்குக் குழாயில் தண்ணீர் வருவது அதன் இஷ்டம். அதனால் சங்கம் ஒரு டேங்கர் வைத்திருக்கிறது, பாபு அண்ணன் ஓட்டுகிறார். இந்த வாரம் எந்த லைன் முறை என்று முன்பெல்லாம் குடத்தாலேயே அடித்துக்கொள்வார்கள். அதைத் தீர்க்கத்தான் லவினா ஒரு வெப் சர்வீஸ் எழுதினாள். அவள் வீட்டு முன்னறையில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில், ஒரு பழைய கம்ப்யூட்டர். அதற்குள் ஒரே ஒரு ப்ரோக்ராம். போனில் திறந்தால் இரண்டே பொத்தான். நீலத்தை அழுத்தினால் உங்கள் லைனுக்கு முறை பதிவாகும். கறுப்பை அழுத்தினால் சாவு.

கறுப்புப் பொத்தானைப் புதியவர்களுக்கு விளக்கவேண்டும். நம் லைன்களில் சாவு விழுந்த வீட்டுக்குத்தான் முதல் தண்ணீர். அதற்கு முறையும் கிடையாது, வரிசையும் கிடையாது. உடலைக் குளிப்பாட்ட வேண்டும், வந்தவர்களுக்கு டீ போட வேண்டும், பந்தல் போடுகிறவன் கைகால் கழுவ வேண்டும். சுரங்கம் ஓடிய காலத்திலிருந்தே அப்படித்தான். இந்து வீடா, பௌத்த வீடா, சர்ச்சுக்குப் போகிற வீடா என்று யாரும் பார்த்ததில்லை. லவினா அதை அப்படியே ப்ரோக்ராமில் இறக்கிவைத்தாள். கறுப்பை அழுத்தி இறந்தவர் பெயரை எழுதினால் போதும். டேங்கர் அந்த வீட்டுப் பக்கம் திரும்பிவிடும். எல்லா லைன்களிலும் எல்லாருடைய போனுக்கும் செய்தி போய்விடும். ஊர் கிளம்பி வந்துவிடும்.

நன்றாகத்தான் ஓடியது. இல்லை என்று நான் என்றைக்கும் சொன்னதில்லை.

இப்போது என் தொழிலைப் பற்றி இரண்டு வார்த்தை. பெங்களூரில் ஒரு கம்பெனியில் நான் ஆர்க்கிடெக்ட். வீடு கட்டுகிறவன் அல்ல, ப்ரோக்ராம்களை எப்படிப் பிரித்துக் கட்டவேண்டும் என்று படம் போடுகிறவன். இதை ஊரில் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. பக்கத்து லைன் ஆறுமுகம் அண்ணன் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா ஆர்க்கிடெக்ட்டு, எனக்கு ஒரு மாடி வீடு வரஞ்சி குடுக்க மாட்டியா?" என்பார். இருமிக்கொண்டே சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

லவினா கட்டியது லைன் வீடு மாதிரி. ஒரே அறை. அதிலேயே அடுப்பு, அதிலேயே பாய், அதிலேயே சாமி படம். எல்லாம் கைக்கெட்டும் தூரம். யார் வேண்டுமானாலும் வாசலில் நின்று எட்டிப்பார்த்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். நான் கட்டுகிறது வெள்ளைக்கார துரைகள் இருந்த பங்களா மாதிரி. சமைக்க ஓர் ஆள், பரிமாற ஓர் ஆள், கதவு திறக்க ஓர் ஆள். ஒருவர் வேலையில் இன்னொருவர் கை வைக்கக்கூடாது. சமையல்காரனுக்குக் காய்ச்சல் வந்தாலும் கதவு திறக்கும். இதற்கு மைக்ரோசர்வீஸ் என்று பெயர். உலகம் முழுக்க இதைத்தான் செய்கிறார்கள். தப்பு என்று யாராலும் சொல்ல முடியாது.

லவினாவும் நானும் ஒரே வகுப்பு. அவளுக்குப் பங்களா கட்டத் தெரியாமல் இல்லை. கேட்டால், "நம்ம டேங்கர் ஒண்ணு, லைனு முப்பதோ நாப்பதோ. இதுக்கு எதுக்குடா அவ்ளோ ஆளு? என்னிக்காவது ஒரு நாள் ரிப்பேரானா நானே பாத்துக்குவேன்" என்பாள். சிரித்த முகம். எதற்கும் அலட்டிக்கொள்ளமாட்டாள். அதுதான் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

பொறாமை என்று நீங்கள் நினைக்கக்கூடும், அண்ணா. யோசித்துப் பார்த்தேன், அப்படித் தோன்றவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். ரயிலில் நம் ஊர்ப் பெட்டி உங்களுக்குத் தெரியும், சீட்டாட்டம், இட்லிப் பொட்டலம், ஊர்வம்பு என்று ஒயிட்ஃபீல்டு வரைக்கும் வாய் ஓயாது. அந்த வருஷம் முழுக்க அங்கே ஒரே பேச்சு லவினாதான். "எங்க லைன்ல நேத்து டேங்கர் சொன்ன டைமுக்கு வந்துச்சு." "லவினா கைல இன்னாவோ கீதுப்பா." அதே பெட்டியில், அதே பெஞ்சில், வங்கிகளுக்குப் படம் போட்டுக்கொடுக்கிற நான் உட்கார்ந்திருக்கிறேன். ஒருநாள் பார்வதம்மா அத்தை என்னைப் பார்த்து, "நீயும் கம்ப்யூட்டர் தானேப்பா? இந்த மாதிரி ஒண்ணு பண்ணக்கூடாதா?" என்றார். வஞ்சகமில்லாமல் கேட்ட கேள்விதான். அன்று ஆபீஸ் வரைக்கும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

ஆபீஸில் நான் நானூறு பேரில் ஒருவன். நான் ஒரு வாரம் போகாவிட்டால் எனக்குப் பதில் இன்னொருவன் படம் போடுவான். என் ஊருக்காவது நான் தேவைப்பட வேண்டும் என்று நினைத்தேன். ஊருக்கு உழைக்க நினைப்பது குற்றமா?

முறைப்படிதான் வந்தேன். கமிட்டியில் படம் போட்டுக் காட்டினேன். தண்ணீர் கேட்பதற்கு ஒரு சர்வீஸ், முறை போடுவதற்கு ஒன்று, டேங்கர் எங்கே என்று பார்க்க ஒன்று, செய்தி அனுப்ப ஒன்று, இப்படி இருபதுக்கும் மேல். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நீங்கள் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது, அண்ணா. "ஓடற வண்டிய எதுக்குடா பிரிச்சிப் போடணும்?" எல்லாரும் சிரித்தார்கள். லவினாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு எனக்கு டீ எடுத்துக் கொடுத்தாள்.

டீ குடிக்கும்போது அவளிடம் நல்லெண்ணத்தில் ஒன்று கேட்டேன். "கறுப்புப் பொத்தானுக்கு ஒரு செக்கிங்கும் இல்லையே, யாராவது சொம்மா அழுத்தினா?"

அவள் என்னை ஒரு தினுசாகப் பார்த்தாள். "சாவுல யாருடா பொய் சொல்லுவாங்க?"

பாருங்கள், இதைத்தான் நாங்கள் டிசைன் ஓட்டை என்போம். ஒரு சர்வீஸைக் கட்டுகிறவள் மனிதர்களை நம்பிக் கட்டக்கூடாது. அவள் நம்பியிருந்தாள். ஓட்டை இருப்பது எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு சும்மா இருந்தால் நான் என்ன ஆர்க்கிடெக்ட்? வாயால் சொன்னால் சிரிக்கிறவர்களுக்கு நடத்திக் காட்டத்தான் வேண்டும். எங்கள் தொழிலில் இதற்குச் சோதனை என்று பெயர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் புத்த விகாருக்குப் போய்ப் பஞ்சசீலம் சொல்லிவிட்டு வந்தேன். பொய் பேசாதிருக்கும் சீலத்தையும் சேர்த்துத்தான். வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். நான் எழுதிவைத்திருந்தது சின்ன ப்ரோக்ராம். லவினாவின் சர்வீஸில் பதிந்திருக்கிற பெயர்களில் ஒன்றை எடுக்கும், கறுப்பை அழுத்தும், கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றை எடுக்கும். நான் எந்தப் பெயரையும் சொல்லவில்லை, என் வாயால் ஒரு பொய்யும் பேசவில்லை. ஓட விட்டுவிட்டு, அம்மா வைக்கிற குழம்புக்கு மொச்சை உரித்துக் கொடுத்தேன்.

முதலில் போனவர் நீங்கள்தான், அண்ணா. கறிக்கடையில் வரிசையில் நின்றுகொண்டிருந்தீர்களாமே. உங்கள் சாவுச் செய்தி உங்கள் போனுக்கே வந்ததாம். கறிக்கடைக்காரர் போனைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாராம். உங்கள் வீட்டுக்குள் மாலையோடு நுழைந்தவர்களுக்கு நீங்களே நாற்காலி எடுத்துப் போட்டதாகக் கேள்விப்பட்டேன். அதைச் சொல்லிச் சொல்லி நீங்களே எத்தனை நாள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை நான் கெடுக்க விரும்பவில்லை.

அடுத்து டீச்சர். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க, அவரிடம் படித்தவர்கள் எல்லாரும் அழுதுகொண்டே வந்து நின்றார்கள். டீச்சர் எழுந்து, "இன்னாடா, பரீட்சைல கூட இப்படி அழுவலயே நீங்க" என்றாராம். பார்வதம்மா அத்தைக்கும் அவர் நாத்தனாருக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. நாத்தனார் போய்விட்டார் என்று செய்தி வந்ததும் அத்தை தலைவிரி கோலமாக ஓடினார். போனால் நாத்தனார் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். இவர் கட்டிப்பிடித்து அழ, அவர் பயந்துபோய் அழ, இரண்டு பேரும் அன்றைக்கே ராசியாகிவிட்டார்கள். இன்று வரைக்கும் ஒன்றாகத்தான் மார்க்கெட் போகிறார்கள். என் சோதனையால் நல்லதும் நடந்தது என்பதைக் கமிட்டி கவனத்தில் கொள்ளவேண்டும்.

பாபு அண்ணன்தான் பாவம். சாவு வீடு என்று டேங்கரைத் திருப்பிக்கொண்டு போவார், செத்தவரே வெளியே வந்து, "வந்ததுதான் வந்த, ரெண்டு குடம் ஊத்திட்டுப் போ" என்பார். ராபர்ட்சன்பேட்டையிலிருந்து மேளக்காரர்கள் வேறு வந்துவிட்டார்கள். எந்த வீட்டில் அடிப்பது என்று தெரியாமல் நடுத்தெருவில் நின்றார்கள்.

ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறேன், தொழில் தர்மம். அவள் ப்ரோக்ராம் விழவில்லை. நான் அனுப்பிய அத்தனையையும் வாங்கிக்கொண்டு, அத்தனை போனுக்கும் தப்பில்லாமல் செய்தி அனுப்பியது. ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. எனக்கே ஆச்சரியம். என் கம்பெனியில் கோடிக்கணக்கில் கொட்டிக் கட்டினது கூட அப்படித் தாங்கியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

மத்தியானத்துக்கெல்லாம் ஊர் அழுகையை விட்டுவிட்டுச் சிரிப்புக்கு வந்துவிட்டது. ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் கல்யாணக் கூட்டம் மாதிரி கூட்டம். போன் கிணுகிணுத்தால், "அடுத்தது யாருப்பா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். செத்தவர் கூட்டத்திலேயே இருந்தால் அவர் செலவில் எல்லாருக்கும் டீ. கடைசியில் நானும் அங்கே போய்ச் சேர்ந்தேன். ஆறுமுகம் அண்ணன் பெயர் வந்தபோதும் அப்படித்தான் சிரித்தார்கள். "ஆறுமுகமும் போய்ட்டாராம். இன்னிக்கு மேல கூட்டம் ஜாஸ்தி" என்று யாரோ சொன்னார்கள். பாபு அண்ணன் டேங்கரை ஓரமாக நிறுத்திவிட்டு வந்து டீ குடித்தார்.

அது பொய்ச் செய்தி இல்லை என்பது உங்களுக்கெல்லாம் சாயங்காலம்தான் தெரிந்தது. ஆறுமுகம் அண்ணன் இருமி மூச்சடைத்துப் போய்விட்டார். அவர் மனைவி பாக்யலட்சுமி அக்காதான் கறுப்பை அழுத்தியிருக்கிறார். அழுத்திவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். தண்ணீரும் வரவில்லை, ஒரு மனுஷரும் வரவில்லை. அக்கம்பக்கத்தில் எல்லாரும் டீக்கடையில் இருந்தோம். முதலில் போனது லவினா. அவள் காலையிலிருந்து கம்ப்யூட்டர் முன்னாலேயே, எங்கே தப்பு, எங்கே தப்பு என்று தேடிக்கொண்டிருந்தவள். அக்கா அவளுக்கு நேராகப் போன் செய்து, "ஏம்மா, யாருமே வர்லயே" என்று மட்டும் கேட்டாராம். இவள் தன் வீட்டிலிருந்த இரண்டு குடத்தையும் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவரைக் குளிப்பாட்டியது அந்தத் தண்ணீரில்தான்.

அதற்கடுத்த கமிட்டிக் கூட்டம் உங்களுக்கு மறந்திருக்காது. நான் எழுந்து, ஒரே ப்ரோக்ராமில் எல்லாவற்றையும் போட்டு அடைத்தால் ஒரு மூலை கெட்டாலும் மொத்தமும் கெடும், அன்றே சொன்னேனே என்றேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. லவினா எழுந்து நின்றாள். "எங்க தப்புன்னு எனக்கு இன்னும் தெர்ல. ஆனா அனுப்புனது என்னோடதுதான். அக்கா, என்ன மன்னிச்சிடுங்க" என்று பாக்யலட்சுமி அக்காவின் காலைத் தொட்டாள். அழுதாள். நான்தான் அவளைப் பிடித்து உட்காரவைத்து, "உடுமா, யாருக்கு வேணா நடக்கறதுதான்" என்று ஆறுதல் சொன்னேன். தடயம் விடாமல் வேலை செய்வது எனக்குப் பழக்கம், எத்தனை தேடினாலும் அவளுக்குக் கிடைத்திருக்காது. அதனால் மேலும் தேடி நேரத்தை வீணாக்காதே என்றும் சொன்னேன்.

அதன் பிறகு அவளுக்குச் 'சாவு லவினா' என்று பேர் வந்தது. ஊரில் இரண்டு மூன்று ஸ்கூலுக்கு அவள்தான் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாகக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். இப்போது அந்த முன்னறையில் தையல் மெஷின் மட்டும்தான் ஓடுகிறது. ஜாக்கெட் நன்றாகத் தைக்கிறாளாம், என் அம்மா சொன்னார்.

அவளுடையதை நிறுத்திவிட்டுக் கமிட்டி வைத்துக்கொண்ட என்னுடைய புது அமைப்பைப் பற்றிக் குறை சொல்கிறார்கள். அதற்கும் பதில் சொல்கிறேன். ஆரம்பத்தில் சின்னச் சின்னத் தடங்கல் இருந்தது உண்மைதான். முறை போடுகிற சர்வீஸ் முறையைச் சரியாகப் போட்டது. செய்தி அனுப்புகிற சர்வீஸ் செய்தியைச் சரியாக அனுப்பியது. டேங்கரைக் கவனிக்கிற சர்வீஸ் டேங்கரைச் சரியாகக் கவனித்தது. எல்லாம் அதனதன் வேலையைச் சரியாகத்தான் செய்தன. தண்ணீர் மட்டும் வரவில்லை. பாபு அண்ணன் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும்போது, "நீங்கள் நந்திதுர்க் லைனை நெருங்கிவிட்டீர்கள்" என்று அவருக்கே செய்தி வந்தது. "ஆய்த்து, இனிமே நான் தூங்கினாலே வண்டி ஓடும்" என்று அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார். ஒரு லைனுக்கு ஒரே நாளில் மூன்று தடவை தண்ணீர், அடுத்த லைனுக்கு அரை மாதம் ஒன்றுமில்லை. இதெல்லாம் பெரிய அமைப்புகளில் சகஜம்.

ஒவ்வொரு தடவையும் நான்தான் சரிசெய்தேன். என்னைத் தவிர வேறு யாராலும் முடியாது, அத்தனை சிக்கல். காலையில் ரயிலுக்குக் கிளம்பும்போதே என் வாசலில் குடத்தோடு ஆள் நிற்கும். "ராகுலா, எங்க லைன கொஞ்சம் பாருப்பா." "தம்பி, ஒன்ன உட்டா யாரு கீறாங்க?" ரயிலிலும் எல்லாரும் என்னைச் சுற்றித்தான் உட்காருவார்கள். அம்மா பெயர் யசோதரா என்பதால் எனக்கு ராகுலன் என்று வைத்தார்கள், அதைத் தவிர என் பெயருக்கு ஊரில் ஒரு விசேஷமும் இருந்ததில்லை. இந்த ஒரு வருஷத்தில் என் பெயரைச் சொல்லாத வாயே இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. இருந்தால் என்ன தப்பு?

நேற்று முதல் கேள்வியோடு சேர்த்து நீங்கள் இன்னொன்றும் கேட்டீர்கள். "அன்னிக்கு எல்லா லைன்லயும் ஒருத்தராவது செத்தாங்க. ஒங்க லைன்ல மட்டும் ஒரு பூச்சி கூட சாவல. அது இன்னா கணக்கு ராகுலா?" சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்ததும் மேலே வந்த தலைகளை எண்ணிப் பழகியவர் நீங்கள், இது கண்ணில் படாமல் போகுமா? ஒரு வருஷம் ஆகிவிட்டதே என்று நான்தான் அசந்துவிட்டேன்.

இதை என் வேலையில் நேர்ந்த ஒரே பிழை என்று ஒப்புக்கொள்கிறேன். ப்ரோக்ராமை ஓட்டுவதற்கு முன்னால் சும்மா ஒத்திகை பார்க்க, ஒரு பெயரை நானே கையால் எழுதிப் பார்த்தேன். பழக்கதோஷத்தில் யசோதரா என்று அடித்துவிட்டேன். கறுப்பை அழுத்த விரல் போகவில்லை. அம்மா அடுப்படியில் ஏதோ பாடிக்கொண்டிருந்தார். பெயரை அழித்தேன். எதற்கு வம்பு என்று எங்கள் லைனையே ப்ரோக்ராமிலிருந்து எடுத்துவிட்டேன். சாவு என்று சொல்லிவிட்டால் வாய் பலித்துவிடுமோ என்று நம் ஊரில் யாருக்குத்தான் பயமில்லை? இத்தனை படித்தும் எனக்கு அது போகவில்லை. சோதனை என்றால் எல்லா லைனையும் சமமாக வைத்திருக்க வேண்டும். அந்த வகையில் தப்பு தப்புதான்.

இனி எழுத வேண்டியது ஒன்றுதான் பாக்கி. மாலூர் தாண்டிவிட்டது, எழுத்து ஆடுகிறது.

ஆறுமுகம் அண்ணன் செய்தி வந்தபோது என் ப்ரோக்ராம் ஓடவில்லை. டீக்கடைக்குக் கிளம்பும் முன்பே நிறுத்திவிட்டேன், சோதனைக்கு வேண்டிய அளவு கிடைத்துவிட்டது. ஆகவே அந்தச் செய்தி நான் அனுப்பாதது. நான் அனுப்பாத ஒரே செய்தி. அத்தனை கூட்டத்தில் அது நிஜமான சாவு என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

பாபு அண்ணன் தானாக டேங்கரை நிறுத்தவில்லை. ஸ்டார்ட் செய்துவிட்டார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இன்னா ராகுலா, போவட்டுமா வேணாமா? நீதான் கம்ப்யூட்டர் ஆளு, சொல்லு" என்று என்னைத்தான் கேட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். போங்கண்ணா, இது நிஜம் என்று சொல்லியிருந்தால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பார்கள். ஆகவே, "வேணாம்ணா, டீ குடிங்க" என்றேன். ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தேன். பிறகு மற்றவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். அங்கிருந்து பார்த்தால் பாக்யலட்சுமி அக்கா வீட்டுக் கூரை தெரியும். நான் சாயங்காலம் வரைக்கும் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.

இறந்துபோனவருக்கு அவசரம் ஒன்றுமில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அக்காவைப் பற்றி நினைத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு அவர் என்னை வழியில் பார்த்தால் நின்று, "வா தம்பி, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போ" என்கிறார். எனக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிடுகிறேன்.

ஆகவே முதல் கேள்விக்குப் பதில் இதுதான். லவினாவின் ப்ரோக்ராமில் தப்பில்லை, லவினா மேலும் தப்பில்லை. செய்தது நான். செத்துப்போன மனிதரின் தண்ணீரைத் தடுத்ததும் நான்தான். இதை அவள் முன்னால் நீங்கள் வாசிக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

இரண்டாவது கேள்விக்கு, ஓர் ஆர்க்கிடெக்ட்டாக என் யோசனையைச் சொல்கிறேன். அவளுடையதையே திரும்ப வைத்துக்கொள்ளுங்கள். ஒரே டேங்கருக்கு அது போதும், நீங்கள் அன்று சொன்னது சரிதான். ஆனால் என்னுடைய இருபதில் ஒன்றை மட்டும் எடுத்துவிடாதீர்கள். சாவைச் சரிபார்க்கிற சர்வீஸ். இப்போது கறுப்பை அழுத்தினால், பக்கத்தில் மூன்று வீட்டுக்காரர்கள் ஆமாம் என்று சொன்னால்தான் தண்ணீர் கிளம்பும். போன மாதம் கங்கம்மா இறந்தபோது இரண்டு வீடு உடனே சொல்லிவிட்டது. மூன்றாவது வீடு திருப்பதி போயிருந்தது. தண்ணீர் மறுநாள் போனது. ஆனால் அந்தச் சாவு உண்மையா என்று ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை, அதையும் பார்க்க வேண்டும். இந்தச் சர்வீஸ் வந்ததிலிருந்து நம் லைன்களில் ஒரே ஒரு பொய்ச் சாவுகூட வந்ததில்லை.

லவினா நல்லவள், அதனால் அவளுக்கு இது புரியாது. நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள், அண்ணா. சாவில்கூடப் பொய் சொல்லக்கூடிய ஆள் ஊருக்கு ஒருவனாவது இருப்பான், அப்படிப்பட்டவனிடமிருந்து நம் ஜனங்களை யாராவது காப்பாற்ற வேண்டாமா?